அப்ப வாரோம்

எனக்கு ஏழு மொழிகள் தெரியும் என்று என் பணிப்பதிவேட்டில் எழுதியிருக்கிறது. எழுதியவன் நான்தான். அதில் ஐந்து மொழிகளில் எனக்குக் காப்பி கேட்கவும், காப்பி ஆறிவிட்டது என்று குறை சொல்லவும் மட்டுமே தெரியும். ஆறாவது பொதுமொழி, அது பிழைப்புக்கு. ஏழாவது தமிழ். பிறந்த மொழி என்பதால் அதில் என்னை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. பிறகு ஒருநாள் சோதித்தார்கள். அன்றைக்கு நாலாயிரத்து நூறு பேருடைய கதி ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருந்தது, அந்தச் சொல் என் கையில் இருந்தது. இதைவிட மோசமான கை அந்த வட்டாரத்தில் வேறு கிடையாது.

நான் வேலை பார்த்தது சிறுகோள் வளையத்தில், ஒன்பது நிலையங்களின் காப்புக் கூட்டணித் தலைமையகத்தில், சேர்க்கைப் பிரிவில். கூட்டணி என்றதும் தொகுதிப் பங்கீடும் சால்வையும் உங்களுக்கு ஞாபகம் வந்தால் தப்பில்லை, எனக்கும் முதலில் அப்படித்தான் வந்தது. இது படைக் கூட்டணி. ஒப்பந்தத்தின் முதல் பிரிவு ஒரே வரி: ஒருவர் அழைத்தால் எல்லோரும் வருவோம். மீதி முந்நூற்றுப் பன்னிரண்டு பிரிவுகளும் அந்த வரியிலிருந்து எப்படித் தப்பிப்பது என்பதைப் பற்றியவை.

புதிதாக ஒரு நிலையத்தைச் சேர்க்க ஒன்பது பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு அந்த நிலையத்தோடு எல்லைத் தகராறு இருக்கும். இன்னொருவர், இவனைச் சேர்த்தால் அவன் கோபித்துக்கொள்வான் என்று இழுப்பார். வேறொருவருக்கு ஆட்சேபமே இருக்காது, ஆனால் ஆட்சேபம் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தால் யாராவது எதையாவது தருவார்களா என்று பார்ப்பார். இதையெல்லாம் பேசித் தீர்க்கலாம். பேச்சுக்கு மசியாத ஒன்று இருந்தது. அதன் பெயர் வாக்களவி.

வாக்களவி கேட்பதற்கென்றே செய்த இயந்திரம். ஒரு நிலையத்தில் பதிவான பேச்சு முழுவதையும் கேட்கும். யார் என்ன செய்வதாகச் சொன்னார், சொன்னபடி செய்தாரா என்று பொருத்திப் பார்க்கும். கடைசியில் நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்லும். அறுபதுக்குக் கீழே போனால் கூட்டணியில் இடமில்லை. எங்கள் ஊரில் தீக்குச்சி உரசினால் மூன்று மாதம் உள்ளே போட்டுவிடுவார்கள், காற்று அவ்வளவு அருமை. ஆனாலும் 'சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுவியா' என்று கேட்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. அதனால் நான் அந்த இயந்திரத்துக்குச் சூடம் என்று பெயர் வைத்திருந்தேன்.

எங்கள் ஊர் என்றது புதுத்தோணி. தூத்துக்குடிக் கரையிலிருந்து கிளம்பிய குடும்பங்கள் ஒரு பனிப்பாறைக் கோளைக் குடைந்து உண்டாக்கிய ஊர். பனியை வெட்டித் தண்ணீராக்கி நாலு பேருக்குக் கொடுத்துப் பிழைக்கிறார்கள். கப்பல் என்று சொல்ல வெட்கப்பட்டோ என்னவோ, தங்கள் கலங்களை இன்றைக்கும் தோணி என்றுதான் சொல்கிறார்கள். வளையத்தின் வெளியோரத்தில் விளிம்புக்காரர்கள் என்றொரு கூட்டம் உண்டு. தண்ணீர் இல்லாதவர்கள், துப்பாக்கி உள்ளவர்கள். மூன்று வருடத்தில் இரண்டு சிறிய நிலையங்களைப் பிடித்துவிட்டார்கள். அடுத்தது புதுத்தோணி என்பது சூடத்துக்குக்கூடத் தெரியும்.

"பதினொன்று" என்றார் ஹுகோ வாலெண்ட். சேர்க்கைப் பிரிவின் தலைவர், முன்னாள் தளபதி. சிரிப்பு வந்தால்கூட அதை விசாரித்துவிட்டுத்தான் அனுமதிப்பார். "நூற்றுக்குப் பதினொன்று. இதற்கு முன் நான் பார்த்ததில் குறைந்தது நாற்பத்து மூன்று. அவர்கள் கடத்தல்காரர்கள்."

எனக்கு முகம் சிவந்தது. அது என் சொந்த ஊர் என்று நான் அவரிடம் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வது எனக்கு ஆறுதலாக இருந்தது.

"நாளைக்கு விசாரணை. அவர்கள் தலைவி வந்துவிட்டார். இன்று அவரிடம் பேசித் தயார்படுத்துங்கள். மறுத்துவிடுவோம் என்பதையும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்."

தலைவியின் பெயர் செலஸ்டின் கொரைரா. அறுபதை நெருங்கும் வயது, வெட்டிய முடி, பனி அறுத்து அறுத்துத் தடித்த விரல்கள். அறைக்குள் வந்து என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார்.

"ஏய், நீ சலேத்து தம்பில்லா? ரெமிஜியுஸு?"

"ஆமாக்கா."

"வாரேன்னுட்டுப் போனவன். இருவத்திரெண்டு வருசமாச்சே, வழியில ரொம்பக் கூட்டமோ?"

பதிலாக நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன். ஏழு மொழியிலும் எனக்கு அதுதான் வரும்.

மதிப்பெண்ணைச் சொன்னேன். அவர் காப்பியை ஊதிக்கொண்டே இருந்தார்.

"பதினொண்ணா? யாரு, நம்ம ஊரா? நாங்க என்ன பொய் சொன்னோம்?"

"தெரியலக்கா."

"விளிம்புக்காரன் ஆறு கப்பலோட கெளம்பிட்டான். பதினோரு நாள்ல ஊருக்கு முன்னால நிப்பான். எங்கிட்ட முப்பது தோணி இருக்கு, ஒண்ணுல பீரங்கி கெடையாது. பனி அறுக்க வாள் இருக்கு. அத வச்சு அவனுக்குச் சர்பத்துதான் போட்டுக் குடுக்கணும்." காப்பியைக் குடித்து முடித்தார். "நாளைக்கு என்ன கேப்பானுக?"

"கூப்பிட்டா வருவீங்களான்னு கேப்பாங்க."

"இது ஒரு கேள்வியா? சரி, குளிச்சி ரெண்டு நாளாச்சு. அப்ப வாரேன் தம்பி."

எழுந்து போனார். கதவு மூடியது. மேசை மேல் இருந்த சூடத்தின் சின்னப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் ஒரு வரி: 'நான் வருகிறேன். பேசியவர் எதிர்த்திசையில் செல்கிறார். பொய்.'

 பிறகு புதுத்தோணியின் கோப்பைத் திறந்தேன். இதை மூன்று வாரம் முன்னாலேயே திறந்திருக்கலாம். சொந்த ஊர்க் கோப்பு என்பதால் தள்ளிப்போட்டிருந்தேன்.

எங்கள் ஊர்த் துறைவாசலில் குரல் பதிவாகாமல் கதவு திறக்காது, பாதுகாப்புக்கு அப்படி வைத்திருக்கிறார்கள். முப்பத்தெட்டு வருடப் பதிவு. பனிக்குப் போகிறவன், படிக்கப் போகிறவள், கல்யாணமாகிப் போகிறவள், எல்லோரும் வாசலில் நின்று சொன்னது ஒரே சொல். வாரேன். அப்ப வாரேன். போயிட்டு வாரேன். சொல்லிவிட்டு அத்தனை பேரும் கிளம்பிப் போயிருக்கிறார்கள். சூடம் அதைக் கேட்டு, ஒவ்வொருவரும் 'வருகிறேன்' என்று வாக்குக் கொடுத்த மறுநொடியே முதுகைக் காட்டி ஓடியதாக எழுதி வைத்திருக்கிறது. ஒரு ஊர் முழுக்க, முப்பத்தெட்டு வருடம்.

அது போதாதென்று இன்னொரு வகை. தொலைபேசியில் 'இதோ வந்துட்டேன்' என்றவர்கள். அந்த நேரத்தில் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று சூடம் பார்த்திருக்கிறது. பெரும்பாலும் வீட்டில். சிலர் படுக்கையில். ஒருவர் குளித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

உண்மையாகவே கொடுத்த வாக்குகள் எங்கே என்று தேடினேன். கணக்கிலேயே இல்லை. 'வராம இருப்பனா', 'விட்டுட்டுப் போவமா', 'செய்யாம என்ன'. எல்லாம் கேள்வி வடிவம், எனவே வாக்கு இல்லை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. 'அப்ப', 'சரி', 'பாத்துக்க' போன்ற சிறு சொற்களை இரைச்சல் என்று முதலிலேயே துடைத்துவிட்டிருந்தது. ஆக, பொய்யே இல்லாததெல்லாம் பொய்யில், சத்தியமெல்லாம் குப்பையில்.

பட்டியலில் ஒரு வரியை மட்டும் நான் இரண்டு முறை கேட்டேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய பதிவு. ஒரு மெல்லிய ஆண்குரல்: "அப்ப வாரேன்க்கா." என் அக்கா சலேத்தின் குரல்: "போயிட்டு வா. வெள்ளன வந்துரு."

சூடம் எழுதியிருந்தது: பொய். அந்த ஒன்றில் மட்டும் எனக்கு அதோடு வாதாடத் தோன்றவில்லை.

மறுநாள் விசாரணை. மேடையில் வாலெண்ட், அவர் சொந்த நிலையமான கெம்பராவின் பிரதிநிதியும் அவரே. மற்ற எட்டு நிலையங்களின் ஆட்கள் திரைகளில். நடுவில் சூடம். செலஸ்டின் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில். மொழிபெயர்ப்பாளன் பேசுபவரின் வாயாகவே பேச வேண்டும் என்பது விதி. அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்பேன்.

"கூட்டணியில் ஒருவர் தாக்கப்பட்டால் நீங்கள் வருவீர்களா?" என்று கேட்டார் வாலெண்ட்.

"வராம இருப்பமா?" என்றார் அக்கா.

சூடம் மஞ்சளாக எரிந்தது: கேள்வி. வாக்கு இல்லை.

"ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லச் சொல்லுங்கள்."

"அக்கா, நேராச் சொல்லுங்க."

"இதவிட நேரா என்னத்தச் சொல்ல? அவருட்ட கேளு, பெத்த பிள்ளைய பாக்காம இருப்பீரான்னு. அவரு என்ன, படிவமா எழுதுவாரு?"

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. எடுத்த மூச்சில் வேறொன்றைச் சொன்னேன். "ஐயா, இயந்திரம் எங்கள் மொழியைத் தப்பாகக் கேட்கிறது. எங்கள் ஊரில் போகிறவர்கள் 'போகிறேன்' என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் திரும்பி வராதது போல ஆகிவிடும். அதனால் 'வருகிறேன்' என்பார்கள். இப்போது போகிறேன், திரும்பி வருவேன், அதுதான் அர்த்தம்."

"எங்கள் ஊரில் என்றால்?"

சொல்லாமல் இருக்க வழி இல்லை. "புதுத்தோணி. நான் பிறந்தது."

வாலெண்ட் தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். அது என் வேலை நீக்கமாக இருக்கலாம் என்று தோன்றியது. "சரி. அப்படியானால் அது திரும்பி வருவதாகக் கொடுத்த வாக்கு. அப்படியே எண்ணிப் பார்ப்போம். கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளலாம்."

துறைவாசலில் சொன்ன 'வாரேன்' மட்டும் போகிறவன் சொல் என்று சூடத்துக்குப் புதிய அர்த்தத்தைக் கொடுத்தார்கள். முப்பத்தெட்டு வருடத்தை அது மறுபடி கேட்டது. பத்து நிமிடம். அக்கா என் காதில், "இம்புட்டு நேரம் ஒட்டுக் கேட்டா நம்மூர்ல அடி விழும்" என்றார்.

எண் வந்தது. எழுபத்து நான்கு.

'வந்துட்டேன்' வகைக்கு என்னால் வக்காலத்து வாங்க முடியவில்லை, அவை பொய்தான். ஆனால் போனவர்கள் திரும்பி வந்திருந்தார்கள். பனியிலிருந்து, படிப்பிலிருந்து, பிரசவத்துக்கு, திருவிழாவுக்கு.

"வராதவர்கள் இருநூற்றுப் பதினேழு பேர்" என்றார் வாலெண்ட். அந்த மனிதருக்கு நல்ல சேதியைத் தனியாக விடத் தெரியாது. "பெயர்களைப் பார்க்கிறேன். ரெமிஜியுஸ் மோத்தா என்று ஒருவர். இருபத்திரண்டு வருடம். இந்த ஆள் எப்படிப்பட்டவர்? நான் நம்பலாமா?"

விதிப்படி நான் அதைத் தமிழில் சொன்னேன். "இந்த ஆள் எப்படிப்பட்டவர்? நான் நம்பலாமா?"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆளு நல்லவன்தான். கொஞ்சம் லேட்டு."

அதையும் மொழிபெயர்த்தேன். திரையில் யாரோ சிரித்தார்கள். வாலெண்ட் சிரிக்கவில்லை, அவர் வேறொரு பக்கத்துக்குப் போயிருந்தார். "ஒரே நாளில் ஒன்பது பேர். பத்தொன்பது வருடம் முன்பு. ஒன்பது பேரும் 'வாரோம்' என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். ஒருவரும் திரும்பவில்லை. அன்று என்ன நடந்தது?"

அக்கா கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"ஒரு கப்பல் எஞ்சின் வெடிச்சு நடுவழியில நின்னுச்சு. காப்பாத்துங்கன்னு கூப்பிட்டான். அஞ்சு தோணி போச்சு. ரெண்டு வந்துச்சு, ஏழு பேரை ஏத்திக்கிட்டு. மூணு வரல. இன்னொருக்கா வெடிச்சிருச்சு."

"யாருடைய கப்பல்?"

"விளிம்புக்காரனது."

எட்டுத் திரைகளிலும் பேச்சு எழுந்தது. எதிரிக்கு உதவியவர்களா என்றது ஒரு குரல். இவர்களைச் சேர்த்தால் விளிம்புக்காரர்களுக்குக் கோபம் வரும் என்று அதுவரை சொல்லிவந்ததும் அதே குரல்தான்.

"எதிரியின் கப்பல் என்று தெரிந்தா போனீர்கள்?" என்றார் வாலெண்ட்.

"அன்னைக்கு அவன் எதிரின்னு யாரும் எழுதிக் குடுக்கல. எழுதிக் குடுத்திருந்தாலும் கூப்பிட்டுட்டாம்லா."

"உங்களுக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தம் ஏதும்?"

"சாவப் போறவன் கூப்பிடுதான். மொதல்ல கையெழுத்துப் போடுலேன்னா சொல்ல முடியும்?"

சூடம் இந்த முறை பச்சையாக எரிந்தது. கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்களே.

"அந்த ஒன்பது பேரில் உங்களுக்குத் தெரிந்தவர்கள்?"

"தொம்மை கொரைரா. எங்க வீட்டுக்காரரு."

இதை நானும் அப்போதுதான் கேட்கிறேன். தொம்மை அண்ணன் பந்து அடித்து என் முன்பல் ஒன்று உடைந்தது, நாக்கு இன்றைக்கும் அந்த இடத்தைத் தேடும். விதிப்படி நான் அக்காவின் வாயாக இருந்து, 'என் கணவர்' என்று பொதுமொழியில் சொல்ல வேண்டும். சொன்னேன். 

வாலெண்ட் பட்டியலை மூடினார். பிறகு இயந்திரக்காரர்களை அழைத்து, "வாக்குக்கு இரண்டு நிலைகள்தான் வைத்திருக்கிறீர்கள். காப்பாற்றப்பட்டது, மீறப்பட்டது. இந்த ஒன்பது பேரை மீறியவர்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வாக்களிக்க மாட்டேன். மூன்றாவதாக ஒன்று வையுங்கள்" என்றார்.

"என்னவென்று ஐயா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைக் கேட்டேன். அக்கா யோசிக்கவில்லை.

"வழியில இருக்காருன்னு போடச் சொல்லு."

போட்டார்கள். கொரைரா, தொம்மை: இன்னும் வழியில். இயந்திரத்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால் திரும்பாத இருநூற்றுப் பதினேழு பேரும் அந்த வரிசைக்கே வந்துவிட்டார்கள், நான் உட்பட. "இவன் வழியில இல்ல, சும்மாதான் இருக்கான்" என்றார் அக்கா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

வாக்கெடுப்பு நடந்தது. எதிரிக்கு உதவியவர்களா என்று கேட்ட குரல்தான் முதலில் சம்மதம் சொன்னது. "அழைப்பவன் யாரென்று பார்க்காமல் போகிறவர்கள் என் அழைப்புக்கும் வருவார்கள்" என்றார் அந்த மனிதர். அவருக்கு முந்திய நாள் வரை எங்களோடு எல்லைத் தகராறு. வாலெண்ட் கடைசியாகக் கையைத் தூக்கினார். ஒன்பது.

"எத்தனை சீட்டு நமக்கு?" என்றார் அக்கா மெதுவாக. அவரும் கூட்டணி என்ற சொல்லைத் தமிழில்தான் கேட்டிருக்கிறார்.

அன்றே அவர் ஊருக்குக் கிளம்பினார். அவர் பின்னால் ஒன்பது நிலையங்களின் நாற்பத்தொரு கப்பல்கள். தலைமைக் கப்பலில் வாலெண்ட், சுடச் சொல்லும் அதிகாரம் அவரிடம். தமிழ் தெரிந்தவன் வேண்டும் என்பதால் நானும். எனக்கு விண்வெளிப் பயணம் ஒத்துக்கொள்ளாது. விண்வெளியில் பிறந்தவன் இப்படிச் சொல்வது வேடிக்கைதான், ஆனால் என் வயிற்றுக்கு அந்த வேடிக்கை புரிவதில்லை.

பத்தாம் நாள் போய்ச் சேர்ந்து, புதுத்தோணிக்கு முன்னால் வரிசையாக நின்றோம். அக்கா முப்பது தோணிகளையும் வெளியே எடுத்து நாற்பத்தொன்றோடு சேர்த்து நிறுத்திவிட்டார். பனி வாள்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. சர்பத்துக்குத் தயார்.

பதினோராம் நாள் காலையில் ஆறு கப்பல்கள் வந்தன. தூரத்தில் நின்றன. அரைமணி நேரம் ஒரு அசைவும் இல்லை. பிறகு புதுத்தோணியின் அலைவரிசையில் அவர்களிடமிருந்து ஒரு சேதி. எங்கள் கப்பலில் ஏற்றியிருந்த சூடம் அதைக் கேட்டு, மொழிபெயர்த்து, திரையில் போட்டது:

'நாங்கள் வருகிறோம். உண்மைத்தன்மை: தொண்ணூற்றாறு.'

"மொழி?" என்றார் வாலெண்ட்.

"தமிழ் ஐயா" என்றான் இயந்திரக்காரன்.

"தாக்கப்போவதாக அறிவிக்கிறார்கள். அதையும் உண்மையாகவே சொல்கிறார்கள்." பீரங்கிக்காரர்களிடம் கையை உயர்த்தினார். "நாம் முந்திக்கொள்வதுதான் நல்லது."

"ஐயா, அந்தக் குரலை ஒருமுறை கேட்க வேண்டும்" என்றேன்.

"இயந்திரம் கேட்டாகிவிட்டது."

"இயந்திரம் இரைச்சலைத் துடைத்துவிடும் ஐயா. துடைக்காத பதிவு வேண்டும்."

அவர் கையை இறக்கவில்லை. ஆனால் போடச் சொன்னார். கரகரப்பு. மூச்சு. பிறகு ஒரு வயதான ஆண்குரல், வெளியூர் நாக்கு, ஆனால் நிதானமாக:

"அப்ப... வாரோம்."

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். வயிறுகூட அமைதியாகிவிட்டது.

"ஐயா, அவர்கள் போகிறார்கள்."

"வருகிறோம் என்று சொல்கிறார்கள்."

"முன்னால் 'அப்ப' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைத்தான் இயந்திரம் துடைத்துவிட்டது. வருகிறவன் அதைச் சொல்லமாட்டான் ஐயா. பேசி முடித்து, எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டவன் சொல்வது அது. விடைபெறுகிறார்கள்."

"எவ்வளவு உறுதி? நீங்கள் தவறாகச் சொன்னால் அந்த ஊர் இருக்காது."

அந்த ஊரில் என் அக்கா சலேத் இருந்தாள். இருபத்திரண்டு வருடமாக நான் ஏதாவது ஒன்றைத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். இதைத் தள்ளிப்போட ஒரு நிமிடம்கூட இல்லை.

"இதே சொல்லை இதே மாதிரிச் சொல்லிவிட்டுத்தான் நான் அந்த வாசலிலிருந்து கிளம்பினேன் ஐயா. அதற்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை என்பது உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. இது போகிறவன் சொல். இந்த ஒரு விஷயத்தில் வளையத்திலேயே என்னைவிடத் தேர்ந்தவன் கிடையாது."

அவர் பதில் சொல்லுமுன் அலைவரிசையில் செலஸ்டின் அக்காவின் குரல் வந்தது, வீட்டு வாசலில் நின்று பேசுவது போல.

"சரி, போயிட்டு வாங்க. பாத்துப் போங்க."

சூடம் சிவப்பாக அலறியது: புதுத்தோணி எதிரியை வரும்படி அழைக்கிறது.

"அழைக்கிறாரா?" என்றார் வாலெண்ட்.

"வழியனுப்புகிறார் ஐயா. இரண்டே நிமிடம் பொறுங்கள்."

வாலெண்டின் கை அப்படியே நின்றது. அந்தக் கைக்கு எவ்வளவு வயது, எத்தனை நரம்பு என்பதெல்லாம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஒரு நிமிடம். ஒன்றரை. பிறகு முதல் கப்பல் மெல்லத் திரும்பியது. இரண்டாவது. ஆறு கப்பல்களின் பின்விளக்குகளும் எங்களைப் பார்த்து எரிந்தன. சிறிதாகிக்கொண்டே போயின.

வாலெண்ட் கையை இறக்கினார். பிறகு, விசாரணை எதுவும் இல்லாமல், சிரித்தார்.

எழுபத்தொரு கலங்களும் விளக்குகளை அணைத்து அணைத்து ஏற்றின. எங்கள் ஊர்க்காரர்கள் பனியைச் சீவி வெளியில் வீசினார்கள். அது வெயிலில் மின்னிக்கொண்டே பரவியது. நான் அழுதேன் என்று பின்னால் யாரோ கிளப்பிவிட்டார்கள். பயணம் ஒத்துக்கொள்ளாததால் கண்ணில் நீர் வந்தது, அவ்வளவுதான்.

செலஸ்டின் அக்காவைத் தனி அலைவரிசையில் அழைத்துக் கேட்டேன். "அது யார் குரல்?"

"ஏழு பேரைத் தூக்கிட்டு வந்தோம்லா, அதுல ஒருத்தன். எட்டு மாசம் எங்கூட இருந்தான். மூக்கன்னு பேரு வச்சிருந்தோம். அப்பவும் போகையில இப்படித்தான் சொன்னான். இப்பக் கப்பல் தலைவனாயிட்டான் போல." பிறகு சேர்த்துக்கொண்டார்: "எழுவது கலத்தப் பாத்துப் பயந்தானோ, எங்க ஊர்னு தெரிஞ்சு வெக்கப்பட்டானோ. ரெண்டும்னே வச்சுக்குவோம்."

கப்பலிலிருந்து என் அக்கா சலேத்தைக் கூப்பிட்டேன். "அக்கா, வந்துட்டேன்."

"எங்கன இருக்க? நெசத்தச் சொல்லு."

"இதோ, வெளியதான். ரெண்டு மணி நேரம்."

"மாறவே இல்லலே நீ."

துறைவாசலில் நின்றிருந்தாள். முடி நரைத்திருந்தது. என்னுடையதைப் பற்றி நானே சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. உள்ளே கால் வைத்ததும், சூடத்தோடு இணைத்திருந்த வாசல் திரையில் ஒரு வரி ஓடியது: மோத்தா, ரெமிஜியுஸ். வாக்கு காப்பாற்றப்பட்டது. தாமதம்: இருபத்திரண்டு வருடம்.

சலேத் அதை வாய்விட்டுப் படித்தாள். "தாமதம்னா போட்டிருக்கு? மரியாதையான மிசினு. நான் வேற வார்த்தை வச்சிருந்தேன்." பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்த வேறு வார்த்தையையும் சொன்னாள்.

ஒரு வாரம் கழித்துப் புதுத்தோணி பத்தாவது நிலையமாகக் கையெழுத்திட்டது. முதல் பிரிவின் தமிழ் வடிவம் என்ன என்று வழக்கறிஞர்கள் கேட்டார்கள். செலஸ்டின் அக்கா எழுதிக் கொடுத்தார்: 'கூப்பிட்டா வராம இருப்பமா?' சட்டப் பிரிவு கேள்வியாக இருக்கக் கூடாது என்று நாலு நாள் வாதாடினார்கள். வாலெண்ட் அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். இன்றைக்கும் அந்த ஒப்பந்தத்தில் தப்பிக்க வழியில்லாத ஒரே பிரிவு அதுதான். கேள்விக்கு விலக்கு எழுத இன்னும் ஒருவரும் கற்றுக்கொள்ளவில்லை.

நான் இப்போது வருடத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போகிறேன். கிளம்பும்போது சொல்வதைச் சொல்கிறேன், சலேத்தும் தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறாள்.

போன மாதம் சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம் வந்தது, விளிம்புக்காரர்களிடமிருந்து. பிடித்த இரண்டு நிலையங்களையும் விட்டுவிடுகிறார்களாம். தண்ணீர் வேண்டுமாம், கூட்டணியிலும் சேர வேண்டுமாம். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். பத்துப் பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும், இனி யார் யாரோடு எல்லைத் தகராறு செய்வார்கள் என்று நினைத்தாலே எனக்கும் தலை சுற்றியது. விண்ணப்பத்தின் கடைசியில் மட்டும் தமிழில் ஒரு வரி, கோணல் எழுத்தில், மூக்கன் என்று கையெழுத்தோடு:

'சொன்னபடி வந்துட்டோம்.'

அவர்கள் கப்பல் எங்கே வந்திருக்கிறது என்று துறையில் விசாரித்தேன். இன்னும் கிளம்பவே இல்லையாம்.

சரி, நம்ம ஆட்கள்தான் என்று எழுதி, கோப்பை மேலே அனுப்பிவிட்டேன்.